இரத்தக்காட்டேரித் துப்பறியும் தொடர்கள்: டர்பனில் வாசிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு நகரம், ஒரு கொலை, யாருக்கும் அஞ்சாத ஒரு பெண், சந்தேகப் பட்டியலில் ஓர் இரத்தக்காட்டேரி (வேம்பயர்). இவை நான்கும் சேர்ந்து வரும் ஆங்கிலத் தொடர் நாவல்களைப் பற்றியது இந்தக் கட்டுரை. தென்னாப்பிரிக்காவின் டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் இந்த வகையை விரும்பி வாசிப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெண்கள்தான் அதிகம். யாராவது ஒரு புத்தகத்தைக் கைமாற்றிக் கொடுப்பார்கள். இரண்டே இரவில் முடித்துவிடுவோம். அதன் பிறகு அடுத்த பாகத்தைத் தேடி அலையத் தொடங்குவோம். எந்தப் பாகம் முதலில், எங்கே கிடைக்கும், என்ன சான்று கேட்பார்கள், எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் ஒவ்வொன்றாக விசாரித்துத் தெரிந்துகொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. நீங்கள் அவ்வளவு அலைய வேண்டாம்.

1. முதலில் ஒரே ஒரு தொடரைத் தேர்ந்தெடுங்கள்

கடையில் கண்ணில் பட்டதை வாங்காதீர்கள். இந்த வகையில் தனி நாவல்கள் குறைவு. பெரும்பாலும் நீண்ட தொடர்கள்தான். தொடரைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் பணமும் போகும், ஆர்வமும் போகும்.

தேர்வு செய்வதற்கு முன், இந்தக் கதைகளின் ருசி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பழைய பேய்க்கதையில் பேய் இருட்டில் ஒளிந்திருக்கும். அது இருக்கிறதா இல்லையா என்பதே கதை. இங்கே அந்தச் சந்தேகமே கிடையாது. காட்டேரி ஊருக்குள்ளேயே குடியிருக்கிறது, மதுக்கூடம் நடத்துகிறது, வக்கீல் வைத்துக்கொள்கிறது. அதற்கென்று சில விதிகள் உண்டு: அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது, பகலில் எழ முடியாது. துப்பறியும் கதைக்கு விதிகள்தான் உயிர். கதவைத் திறந்து உள்ளே அழைத்தவர் யார் என்ற ஒரு கேள்வியிலேயே கொலைகாரர் சிக்கிக்கொள்ளலாம். அகதா கிறிஸ்டியில் ரயில் நேர அட்டவணை செய்யும் வேலையை இங்கே சூரிய அஸ்தமன நேரம் செய்கிறது.

அடுத்தது நாயகி. இவளுடைய துணிச்சல் சண்டைக் காட்சியில் மட்டும் இல்லை. முதல் பாகத்தில் உடைந்த கை இரண்டாம் பாகத்திலும் வலிக்கும். வாடகை பாக்கி இருக்கும், வண்டி பழுதாகும், காவல் நிலையத்தில் இவள் பேச்சை யாரும் முழுதாகக் கேட்க மாட்டார்கள். இரவுப் பணி முடித்துக் காரை நோக்கி நடக்கும்போது சாவியை விரல்களுக்கு இடையில் நீட்டிப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் இந்த ஊர்ப் பெண்கள் பலருக்கு உண்டு. அவர்களுக்கு இந்த நாயகியை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஈஸ்டர் நாட்களில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் வரிசையில் நிற்கிறவர்கள் நாம். கோபம் கொண்ட பெண் ஊரைக் காப்பாள் என்பது நமக்குப் புதிய செய்தியா என்ன?

தொடங்குவதற்கு ஏற்றவை என்று நான் மூன்றைச் சொல்வேன்.

டான்யா ஹஃப் எழுதிய விக்கி நெல்சன் தொடர். முதல் நூல் 1991இல் வந்த 'பிளட் ப்ரைஸ்'. களம் கனடாவின் டொராண்டோ. விக்கி காவல் துறையிலிருந்து விலகியவள். கண் நோயால் இரவுப் பார்வை மங்கிக்கொண்டே போகிறது. அவளுக்குத் துணை வருபவன் காட்டேரியான ஹென்றி ஃபிட்ஸ்ராய், எட்டாம் ஹென்றி மன்னனின் மணவழி பிறவாத மகன். பிழைப்புக்குக் காதல் நாவல் எழுதுகிறான். இரவில் பார்க்க முடியாத துப்பறிவாளியும் பகலில் நடமாட முடியாத கூட்டாளியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். மொத்தம் 5 நாவல்கள்தான், 1997இல் முடிந்துவிட்டது. புதியவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான்.

சார்லேன் ஹாரிஸ் எழுதிய சூக்கி ஸ்டாக்ஹவுஸ் தொடர். 2001இல் தொடங்கி 2013இல் 13 நாவல்களுடன் நிறைவடைந்தது. அமெரிக்காவின் லூசியானாவில் ஒரு சிற்றூர், அங்கே மதுக்கூடத்தில் பரிமாறும் பெண். அவளுக்குப் பிறர் மனத்தில் ஓடுவது காதில் விழும். வாழ்நாள் முழுவதும் அந்த இரைச்சலோடு இருந்தவளுக்கு முதன்முதலாக அமைதி கிடைப்பது ஒரு காட்டேரியின் அருகில்தான், ஏனென்றால் அவன் மனம் அவளுக்குக் கேட்காது. காதலுக்கு இதைவிட நல்ல காரணம் நான் வாசித்ததில்லை. முதல் நூல் ஆண்டனி விருது பெற்றது. ஆண்டனி என்பது துப்பறியும் கதைகளுக்கான விருது என்பதையும் கவனியுங்கள்.

மூன்றாவது, லோரல் கே. ஹாமில்டனின் அனிதா பிளேக் தொடர். 1993இல் 'கில்ட்டி ப்ளெஷர்ஸ்' என்ற நாவலோடு தொடங்கியது. களம் செயின்ட் லூயிஸ் நகரம். இங்கே காட்டேரிகளுக்குச் சட்ட உரிமைகள் உண்டு. அனிதாவின் தொழில் இறந்தவர்களை எழுப்புவது. சட்ட அனுமதியோடு காட்டேரிகளுக்கு மரண தண்டனை நிறைவேற்றுவதும் அவள்தான். முதல் கதையில் காட்டேரிகளை யாரோ கொல்கிறார்கள், கொலைகாரனைக் கண்டுபிடிக்கக் காட்டேரிகளே அவளை இழுத்துவருகின்றன. தொடக்க நூல்கள் விறுவிறுப்பான துப்பறியும் கதைகள். 2001இல் வந்த பத்தாவது நூலிலிருந்து வழக்கு பின்னுக்குப் போய்ப் படுக்கையறை முன்னுக்கு வந்துவிடும். துப்பறியும் கதைக்காக வாசிப்பவர்கள் ஒன்பதோடு நிறுத்திக்கொண்டால் நஷ்டம் இல்லை.

நம் நாட்டுக் களம்தான் வேண்டும் என்பவர்களுக்கு லாரன் பியூக்ஸின் 'ஜூ சிட்டி' இருக்கிறது. 2010இல் வந்தது, மறு ஆண்டு ஆர்தர் சி. கிளார்க் விருது பெற்றது. ஜோகன்னஸ்பர்க்கின் ஹில்ப்ரோவில் தொலைந்த பொருட்களைத் தேடிக் கொடுத்துப் பிழைக்கும் பெண், செய்த குற்றத்தின் அடையாளமாக முதுகில் ஒரு தேவாங்கு போன்ற விலங்கைச் சுமந்து திரிகிறாள். காட்டேரி இல்லை. தனி நாவல் என்பதால் வரிசைத் தொல்லையும் இல்லை. இரத்தம் குடிக்கும் மின்னல்பறவையான இம்புண்டுலு அழகான இளைஞன் உருவில் பெண்களைத் தேடி வரும் என்று இந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். அதை டர்பன் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து யாராவது ஒரு கொலை வழக்கில் மாட்டிவிட மாட்டார்களா என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

2. வரிசைப் பட்டியலை எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தலைப்பைப் பார்த்து வரிசையைக் கண்டுபிடிக்கவே முடியாது. ஹாரிஸின் 13 நாவல்களின் தலைப்பிலும் 'டெட்' என்ற சொல் ஏதோ ஒரு வடிவில் வரும். ஹஃப்பின் ஐந்தும் 'பிளட்' என்றே தொடங்கும். கடையில் நின்றுகொண்டு நினைவிலிருந்து தேர்ந்தெடுக்க முயன்றால் ஏற்கெனவே வாசித்ததையே திரும்ப வாங்கிவருவீர்கள்.

ஹஃப் வரிசை: பிளட் ப்ரைஸ், பிளட் ட்ரெயில், பிளட் லைன்ஸ், பிளட் பேக்ட், பிளட் டெட் (இந்த 'டெட்' கடன் என்று பொருள்படும் Debt). ஹாரிஸின் முதல் நான்கு: டெட் அன்டில் டார்க், லிவிங் டெட் இன் டாலஸ், கிளப் டெட், டெட் டு த வோர்ல்ட். மீதியை இணையத்தில் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலைப் படம் எடுத்துக் கைப்பேசியிலும் வையுங்கள்.

தென்னாப்பிரிக்கக் கடைகளுக்குப் பெரும்பாலும் பிரிட்டிஷ் பதிப்புகள் வருகின்றன. இணையத்தில் நீங்கள் பார்த்த அமெரிக்க அட்டையும் கையில் உள்ள அட்டையும் ஒத்துப்போகாது. அட்டையை நம்பாமல் உள்ளே பதிப்புரிமைப் பக்கத்தைத் திறந்து, முதல் பதிப்பு வந்த ஆண்டைப் பாருங்கள். ஆண்டு தெரிந்தால் பாகம் தெரிந்துவிடும்.

1.5, 3.5 என்று எண் போட்ட குறுங்கதைகளும் பட்டியலில் தலைகாட்டும். முதல் வாசிப்பில் அவற்றைத் தாண்டிப் போகலாம், கதை புரியாமல் போகாது.

ஹாரிஸின் கதையை 2008 முதல் 2014 வரை ஓடிய தொலைக்காட்சித் தொடராகப் பார்த்தவர்கள், பாதியிலிருந்து வாசித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். திரையில் கடைசிவரை உயிரோடிருக்கும் ஒருவர் புத்தகத்தில் சீக்கிரமே செத்துப்போகிறார். யார் என்று சொல்ல மாட்டேன்.

3. நூலக அட்டை எடுங்கள்

செலவில்லாத வழி இது. நகராட்சி நூலகத்தில் டர்பன்வாசிகளுக்கு உறுப்பினர் கட்டணம் இல்லை. கொண்டுபோக வேண்டியவை:

அடையாள அட்டை. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்கு வந்தவர்கள் கடவுச்சீட்டையும் விசாப் பக்கத்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

முகவரிச் சான்று. தண்ணீர், மின்சாரத்துக்கான நகராட்சிக் கணக்குச் சீட்டு இருந்தால் நல்லது. மூன்று மாதத்துக்கு மேற்பட்ட சீட்டை இந்த நாட்டில் எங்குமே ஏற்கத் தயங்குவார்கள், புதியதாகக் கொண்டுபோங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கும் மாமியார் வீட்டில் இருப்பவர்களுக்கும் இங்கேதான் இடிக்கும். கணக்குச் சீட்டு வேறொருவர் பெயரில் இருக்கும். முகவரி அச்சிட்ட வங்கி அறிக்கை ஒரு வழி. இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய கணக்குச் சீட்டு நகலும் வாங்கிக்கொண்டு, பக்கத்துக் காவல் நிலையத்தில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி முத்திரை வாங்குங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. அசல், நகல் இரண்டையும் ஒரே உறையில் வைத்துக்கொண்டால் இரண்டாம் முறை போக வேண்டியிருக்காது. பிள்ளைகளுக்கு அட்டை எடுப்பதென்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

சனிக்கிழமை மதியத்துக்குமேல் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் கிளையின் நேரத்தைத் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். வாரநாள் காலைதான் நிம்மதி, நூலகருக்கும் பேச நேரம் இருக்கும்.

உள்ளே போனதும் 'வேம்பயர் புத்தகம் எங்கே?' என்று கேட்காதீர்கள். இளையோர் பகுதிக்குக் கை காட்டிவிடுவார்கள். அங்கே இருப்பது பள்ளிக்கூடக் காதல் கதைகள். பெரியவர்களுக்கான நாவல் பகுதியில் ஆசிரியர் குடும்பப் பெயர் வரிசையில் தேடுங்கள். ஹாமில்டன், ஹாரிஸ், ஹஃப், மூவருமே ஆங்கில எச் எழுத்தில் வருவது நம் அதிர்ஷ்டம். ஒரே அலமாரியில் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும்.

வேண்டிய பாகம் அங்கே இல்லையென்றால் வேறு கிளையில் இருக்கிறதா என்று பார்த்து முன்பதிவு செய்யச் சொல்லுங்கள். காத்திருக்க நேரும். அதனால் ஒரு பாகத்தைப் பாதி வாசிக்கும்போதே அடுத்ததற்குச் சொல்லிவைத்துவிட வேண்டும். பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு முந்தைய வாரம் அலமாரி காலியாகிவிடும், அதற்கும் முன்னால் போய்விடுங்கள். திருப்பித் தரும் தேதியைக் கைப்பேசியில் குறித்துவையுங்கள், தாமதமானால் அபராதம்.

4. பழைய புத்தகக் கடைகள்

ஃப்ளோரிடா சாலையில் உள்ள ஐக்ஸ் புத்தகக் கடைக்கு எல்லோரும் வழி சொல்வார்கள். போய்ப் பார்க்க வேண்டிய கடைதான், ஆனால் அதன் பலம் ஆப்பிரிக்கா பற்றிய பழைய, அரிய நூல்கள். நாம் தேடும் மலிவு விலைப் பதிப்புகள் ஹாஸ்பிஸ் (நோயாளிப் பராமரிப்பு அமைப்பு) கடைகள், எஸ்.பி.சி.ஏ. (விலங்குநல அமைப்பு) கடைகள், கோயில், பள்ளி, சர்ச் விற்பனை மேசைகள் போன்ற இடங்களில்தான் திடீரென்று கிடைக்கும். விலை பெரும்பாலும் 20 முதல் 60 ராண்டுக்குள் இருக்கும். மாத இறுதியில் வீடு மாற்றுகிறவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்து போடுவார்கள். மாதத்தின் முதல் வாரம் போனால் கண்ணுக்கு விருந்து.

வாங்குமுன் புத்தகத்தை நன்றாகப் புரட்டிப் பாருங்கள். டர்பன் கடற்காற்று காகிதத்துக்குப் பகை. பக்க ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், வீட்டுக்குக் கொண்டுபோனால் மற்றப் புத்தகங்களுக்கும் பரவக்கூடும். பிறகு முதுகைப் பாருங்கள். ஒட்டுப் பசை காய்ந்த புத்தகத்தை நடுவில் விரித்தால் மெல்லிய சத்தத்தோடு வெடிக்கும், பக்கங்கள் கொத்தாகக் கையோடு வந்துவிடும். கடைசியாக, இறுதி அத்தியாயம் இருக்கிறதா என்று பாருங்கள். துப்பறியும் கதையில் கடைசி நான்கு பக்கம் இல்லாத பிரதி இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

5. புதிதாக வாங்குவதும் வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதும்

புதிய பிரதி 250 முதல் 400 ராண்ட் வரை ஆகலாம். 13 பாகத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். அஞ்சல் செலவில்லாமல் உலகெங்கும் அனுப்பிக்கொண்டிருந்த புக் டெபாசிட்டரி 2023 ஏப்ரலில் மூடப்பட்டுவிட்டது. பழைய ஆலோசனைகளில் அந்தப் பெயரைப் பார்த்தால் தாண்டிப் போங்கள். உள்நாட்டில் எக்ஸ்க்ளூசிவ் புக்ஸ், டேக்கலாட், லூட் இருக்கின்றன. 2024 மே மாதம் முதல் அமேசானும் தென்னாப்பிரிக்காவுக்கென்று தனித் தளம் நடத்துகிறது. நான்கிலும் விலை பார்த்துவிட்டு வாங்குங்கள், ஒரே நூலுக்கு நூறு ராண்ட் வரை வேறுபாடு வருவதுண்டு.

'கையிருப்பில் உள்ளது' என்பதும் 'ஆர்டர் பெற்றபின் வரவழைக்கப்படும்' என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது வாசகம் இருந்தால் வாரக்கணக்கில் ஆகும். நான் ஒருமுறை ஒரு தளத்தில் ஆர்டர் செய்த மூன்றாம் பாகம் பல வாரம் கழித்து, பதிப்பு தீர்ந்துவிட்டது என்ற ஒற்றை வரிக் குறுஞ்செய்தியாக வந்து சேர்ந்தது. பணம் திரும்பி வர இன்னும் சில நாள். எனவே ஒரு தொடரின் எல்லாப் பாகங்களையும் ஒரே ஆர்டரில் போடாதீர்கள். ஒன்று தாமதமானால் எல்லாம் நிற்கும். நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை எதையுமே வரவழைக்காமல் இருப்பது உத்தமம்.

வெளிநாட்டிலிருந்து நேரடியாக வாங்கினால் வரிக் கணக்கு இப்படி. அச்சிட்ட புத்தகத்துக்குச் சுங்கத் தீர்வை இல்லை, ஆனால் 15 சதவீத வாட் வரி உண்டு. 2025இல் 15.5 ஆக்கப் போவதாக அறிவித்துவிட்டுப் பிறகு கைவிட்டார்கள். இறக்குமதியில் அந்த 15 சதவீதத்தை நேராகப் புத்தக விலைக்குப் போடுவதில்லை. முதலில் மதிப்போடு 10 சதவீதம் கூட்டுவார்கள், அதன் மேல்தான் வரி. 1,000 ராண்ட் மதிப்புள்ள பெட்டி என்றால் 1,100இல் 15 சதவீதம், அதாவது 165 ராண்ட். இதற்கு மேல் கூரியர்காரர் தம் பங்குக்குச் சுங்க வேலைக் கட்டணம் கேட்பார். அது சில சமயம் வரியையே மிஞ்சிவிடும், முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி வந்ததும் அடையாள எண் அல்லது கடவுச்சீட்டு எண், வாங்கிய ரசீது இரண்டையும் கேட்டுச் செய்தி வரும். ரசீதை அன்றே அனுப்பினால்தான் பெட்டி நகரும். 'கட்டணம் செலுத்துக' என்று இணைப்போடு வரும் குறுஞ்செய்திகளில் போலிகளும் உண்டு. இணைப்பைத் தொடாமல், கண்காணிப்பு எண்ணை நீங்களே நிறுவனத் தளத்தில் அடித்துப் பாருங்கள்.

6. மின்னூலும் ஒலிநூலும்

அலைச்சலும் காத்திருப்பும் இல்லாத வழி. மின்வெட்டு வந்தாலும் விளக்குள்ள வாசிப்புக் கருவி கைகொடுக்கும். ஆனால் இலவசம் என்று எண்ண வேண்டாம்: வெளிநாட்டு மின்னூல்களுக்கும் 2014 ஜூன் முதல் வாட் வரி உண்டு, டாலரில் செலுத்தினால் வங்கி தனியாகச் செலாவணிக் கட்டணம் பிடிக்கும். பதிப்புரிமை நாட்டுக்கு நாடு பிரித்து விற்கப்படுவதால் சில பாகங்கள் 'உங்கள் பகுதியில் கிடைக்காது' என்று வரும். முதல் பாகத்தை வாங்கும் முன் கடைசிப் பாகமும் இங்கே விற்பனையில் இருக்கிறதா என்று பாருங்கள். முதல் அத்தியாயத்தை மாதிரியாக இலவசமாகத் தருவார்கள், அதை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

அமெரிக்கத் தென்மாநிலப் பேச்சு வழக்கு புரியாமல் தடுமாறுகிறவர்களுக்கு ஒலிநூல் நல்ல உதவி. ஒரு பாகத்துக்குப் பத்து மணி நேரம் அளவில் ஆகும். வீட்டு வைஃபையில் இறக்கிக்கொள்ளுங்கள், கைப்பேசி டேட்டாவில் இறக்கினால் ஒரு புத்தகக் காசு அதிலேயே போய்விடும். வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் திருட்டுக் கோப்புகள் வேண்டாம். எழுதியவருக்கு நஷ்டம் என்பது ஒரு பக்கம், பாதியில் அத்தியாயம் காணாமல் போயிருக்கும் என்பது இன்னொரு பக்கம்.

7. வீட்டு விஷயம்

பல வீடுகளில் ஆயா (பாட்டி) சம்மதிக்க மாட்டார். சாமி விளக்கு எரியும் அறையில் பல் நீண்ட முகம் போட்ட அட்டை கிடந்தால் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். புரட்டாசியில் மீன்கூட உள்ளே வராத வீட்டில், பக்கத்துக்குப் பக்கம் இரத்தம் குடிக்கிற புத்தகத்தை வைத்துக்கொண்டு வாதாடுவது எளிதல்ல. செய்தித்தாள் அட்டை போட்டுவிடுங்கள். டோக்கொலோஷ் என்ற குட்டிப் பேய்க்குப் பயந்து கட்டில் காலுக்குச் செங்கல் வைக்கும் ஊரில் இந்தப் பயம் ஒன்றும் அதிசயம் இல்லை. நானறிந்த ஓர் ஆயா, பேத்தி வாசித்துக் கதை சொல்லக் கேட்டு, இப்போது யார் கொன்றது என்று அவளுக்கு முன்னால் ஊகிக்கிறார்.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. அட்டையைப் பார்த்து வயதை எடைபோட முடியாது, மூன்று தொடர்களுமே பெரியவர்களுக்கு எழுதப்பட்டவை. பதினாறு வயதுப் பெண் கேட்டால் நீங்கள் முதலில் வாசித்துவிட்டு ஹஃப்பைக் கொடுக்கலாம். ஹாரிஸில் படுக்கையறைக் காட்சிகள் உண்டு, இன்னும் ஓரிரு ஆண்டு போகட்டும். ஹாமில்டனின் பத்தாம் பாகமும் அதற்குப் பிந்தியவையும் உங்கள் அலமாரியிலேயே பூட்டியிருக்கட்டும்.